வேஸ்ட் ஷீட்

முத்துக்கிருஷ்ணனுக்கு ஊரில் ஒருவரையும் பிடிக்காது. ஊருக்கும் அது தெரியும். ஆனால் ஊருக்கு வேலை இருந்தது, அவனுக்கு இல்லை. அதனால் ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை இல்லை என்றால் சோற்றுக்கு வழியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். சிவகாசியில் நான்கு தலைமுறையாக அச்சுத் தொழில் செய்கிற குடும்பம். 'பொன்னுத்தங்கம் லித்தோ ஒர்க்ஸ்' என்றால் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கல்லில் அச்சடித்த லித்தோ காலம் போய் ஆப்செட் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள், தீபாவளி சீசன் முடிந்தால் காலண்டர், டைரி. அப்பா தனுஷ்கோடி கீழே மிஷின்களுக்கு நடுவில் கத்திக்கொண்டிருப்பார். மகன் மாடியில் ஏசி அறையில் இருப்பான். அறை வாசலில் 'டிசைன் டிபார்ட்மெண்ட்' என்று போர்டு தொங்கியது. உண்மையான டிசைன் வேலையைக் கீழே ஒரு மூலையில் உட்கார்ந்து அவன் மனைவி கீர்த்திகா பார்த்தாள். அவள் தலைக்கு மேலே போர்டு எதுவும் இல்லை.

மாடியில் அவன் ஒரு டார்ச் லைட் செய்துகொண்டிருந்தான்.

டார்ச் லைட் என்றால் அவனுக்குக் கோபம் வரும். அது 'ஒளிக்குழல்'. ஐம்பது வருடத்துக்கு முன்னால் வந்த ஓர் இங்கிலீஷ் விண்வெளிப் படத்தில் வருவது. படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவன் வந்து உட்கார்ந்துகொண்டு, முதலில் வெளியான பிரதியா, பிறகு வெட்டிக் குறைத்த பிரதியா என்று ஆரம்பித்துவிடுவான். வந்தபோது அந்தப் படம் ஓடவில்லை. ஓடாத படத்துக்குத்தான் இந்த மாதிரி பக்தர்கள் வாய்ப்பார்கள். கடைசிக் காட்சியில், வழி தவறிய விண்கப்பலின் தலைவன் இருட்டுக்குள் ஒரு குழலைத் தூக்கிப் பிடிக்கிறான். அதிலிருந்து வெளிச்சம் வருகிறது. படம் முடிகிறது. அவ்வளவுதான் சங்கதி. அந்தக் குழலை அச்சு அசலாகச் செய்து முடிப்பதற்குத்தான் முத்துக்கிருஷ்ணன் பிறவி எடுத்திருந்தான்.

உடம்பு அலுமினியக் குழாய். விருதுநகரில் ஒரு லேத் பட்டறையில் கடையக் கொடுத்து, அளவில் ஒரு நூல் அதிகம், அரை நூல் குறைச்சல் என்று திருப்பித் திருப்பி அனுப்பினான். கடைசியில் பட்டறைக்காரர், "தம்பி, இது கெணத்து மோட்டாருக்கா, இல்ல நெசமாவே மேல ஏறிப் போகப் போறீகளா?" என்று கேட்டார். இந்த மாதிரி ஆட்களிடம் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று முத்துக்கிருஷ்ணன் பதில் சொல்லாமல் வந்துவிட்டான். கைப்பிடி, பழைய காமிரா பிளாஷினுடையது. படத்துக்குச் செய்தவர்களும் அதைத்தான் மாட்டியிருந்தார்கள் என்பதற்காக ஜப்பானிலிருந்து வரவழைத்தான். தலைப்பாகத்தை ரெசினில் வார்த்தான். வார்த்ததற்குப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, தண்ணீர் விட்டு மறுபடி தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு மழமழவென்று ஆக்கினான். ஆக்கிவிட்டு அதன் மேல் கீறல் போட்டான். அசலில் எங்கெங்கே கீறல் இருந்ததோ அங்கங்கே. இடுக்குகளில் கறுப்புப் பெயிண்டைத் தடவித் துடைத்து அழுக்கு சேர்த்தான். விளிம்புகளில் பெயிண்ட் தேய்ந்துபோன மாதிரி வெள்ளிப்பொடியைப் பஞ்சால் தொட்டு வைத்தான்.

காப்பி கொடுக்க மேலே வந்த கீர்த்திகா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் விருதுநகரில் பருப்பு மண்டிக்காரர் வீட்டுப் பெண். தரம் பார்த்துப் பேசுகிற இடத்தில் வளர்ந்தவள்.

"புதுசா செஞ்சு அதப் பளசாக்குறதுக்கு, நேரா பளைய இரும்புக் கடைக்கே போயிருக்கலாம்ல நீங்க" என்றாள்.

"உனக்குப் புரியாது."

"புரியாம இருக்கதே நிம்மதி."

அப்பா ஒருமுறைதான் மேலே வந்தார். குழலைக் கையில் வாங்கி எடை பார்த்தார். அடியில் திரி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.

"இதப் பத்த வச்சா என்னலே ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுப்பா. பட்டனை அமுக்குனா லைட் எரியும்."

"வெடிக்காதா?"

"வெடிக்காது."

"பின்ன எதுக்குலே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி அவனை எரித்தது. இந்த மனுஷனுக்கு உலகத்தில் இரண்டே பொருள்கள், வெடிப்பது ஒன்று, அதைச் சுற்றுகிற காகிதம் இன்னொன்று என்று கீர்த்திகாவிடம் பொருமினான். அப்பாவின் மேல் அவனுக்கு இருந்த இளக்காரம் பழையது. அதற்குக் காரணம் அப்பாவின் ஒரு பழக்கம்.

தனுஷ்கோடி கையில் எந்த அச்சடித்த காகிதம் கிடைத்தாலும் முதலில் அதன் அடிவரியைப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டார். கீழே பொடி எழுத்தில் எந்த பிரஸ்ஸின் பெயர் இருக்கிறது என்று பார்த்து, "ம்" என்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்து வைத்துக் குனிவார். நான்கு கலரும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் படம் படமாக இருக்கும். ஒரு கலர் தள்ளி விழுந்துவிட்டால் அதற்கு ரெஜிஸ்டர் விலகல் என்று பெயர். விலகிய ஷீட் வேஸ்ட். மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில், கீர்த்திகாவின் தம்பி நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தபோது, மெனு கார்டை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "செவப்பு சரியில்ல தம்பி" என்று சர்வரிடம் சத்தமாகச் சொன்னார். சர்வர் பயந்துபோய்த் தக்காளிச் சட்னியை மாற்றிக் கொண்டுவந்தான். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். முத்துக்கிருஷ்ணன் கைகழுவப் போனவன் திரும்பி வரவே இல்லை, காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பில் அவனைக் கொடைக்கானலில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சிவகாசியில் வேஸ்ட் ஷீட் எதுவும் வீணாகாது. அலமாரித் தட்டுக்கு விரிப்பாகும், காராச்சேவுக்குப் பொட்டலமாகும், பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகும். அவனுடைய நோட்டுகளுக்கெல்லாம் பட்டாசு லேபிள் ஷீட்டில் அட்டை போட்டு அனுப்பியிருந்தார் அப்பா. மற்ற பிள்ளைகளின் நோட்டில் பழுப்புத் தாள், இவனுடையதில் பறக்கிற கருடன், சிரிக்கிற பாப்பா, ஆளைப் பார்க்கிற சிங்கம். ஒரு வாரம் வகுப்பே சிரித்தது. குளியலறையில் உட்கார்ந்து எல்லா அட்டையையும் கிழித்தான். அன்றைக்குத் தொடங்கிய இளக்காரம்தான், வளர்ந்து, இன்றைக்கு ஏசி அறையில் உட்கார்ந்திருந்தது.

இணையத்தில் ஒளிக்குழல் பக்தர்களுக்கு ஒரு குழு உண்டு. அதில் அவன் பெரிய ஆள். அங்கே அவன் பெங்களூர்க்காரன். சிவகாசி என்று போட்டுக்கொள்ள வேண்டிய கட்டம் வந்தபோது கை தானாகவே பெங்களூர் என்று போட்டது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. குழுவில் புதிதாக வருகிறவர்கள் அட்டையிலும் பிளாஸ்டிக் குழாயிலும் செய்து படம் போட்டால், அவர்களைக் கிழித்துத் தொங்கவிடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. 'இது பொம்மைக் கடைச் சரக்கு' என்று ஒரு வரி எழுதுவான். எழுதப்பட்டவன் அதற்கப்புறம் குழுவில் தலைகாட்டமாட்டான்.

அந்தக் குழுவுக்கே ஒரு நாள் சாமி வந்தது. எங்கேயோ தொலைந்துபோயிருந்த அசல் ஒளிக்குழல் ஏலத்துக்கு வந்து, லண்டனில் ஒரு பணக்காரர் அதை எடுத்துவிட்டார். எடுத்தவர் படங்களை வெளியிட்டு, ஓர் அறிவிப்பும் செய்தார். அடுத்த வருடம் கண்காட்சி வைக்கப்போகிறார். அசல் குழல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். உலகத்திலேயே அதற்கு மிக நெருக்கமான நகல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செய்தவர் பெயருடன் அதன் பக்கத்தில் வைப்பார்.

பக்கத்தில். முத்துக்கிருஷ்ணனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கொடைக்கானலில் சிரித்தவர்கள், மதுரையில் சிரித்த சம்பந்திகள், வெடிக்குமா என்று கேட்ட அப்பா எல்லாருக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் பதில் இருந்தது. அவன் வாழ்க்கையில் வேண்டியது அது ஒன்றுதான்.

உடம்பும் கைப்பிடியும் தலையும் தயார். மிச்சம் இருந்தது பட்டை. குழலின் நடுவில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருந்தது. நீலப் பின்னணி. அதன் மேல் மங்கிய தங்கத்தில் வளைவு வளைவாக எழுத்துகள். பாதிக்கு மேல் தேய்த்து அழிக்கப்பட்டவை. மேல் விளிம்பில் பொடிப்பொடியாக ஒரு வரிசை. அளவுகோல் குறிகள் என்று எல்லாரும் நம்பினார்கள். ஓர் ஓரத்தில் தனியாக ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிக்குக் குழுவில் 'வீட்டு நட்சத்திரம்' என்று பெயர். கப்பல் தலைவன் பிறந்த கிரகம் சுற்றுகிற நட்சத்திரம் அது என்று ஒருவர் முப்பது பக்கத்துக்குக் கட்டுரை எழுதியிருந்தார். அதை முத்துக்கிருஷ்ணன் மனப்பாடமாகச் சொல்வான்.

லண்டன் படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அவன் அந்த எழுத்துகளை மாதக்கணக்கில் வரைந்தான். அழிந்த இடங்களைத் தன் ஊகத்தால் நிரப்பினான். மனிதக் கை எழுதியிருக்க முடியாத வளைவுகள் என்று குழுவுக்கு விளக்கம் எழுதினான். வரைபடத்தை அவன் வெளியிட்ட அன்றைக்குக் குழுவே எழுந்து நின்று கைதட்டியது. அதன்பின் எவன் குழல் செய்தாலும் பட்டைக்கு முத்துக்கிருஷ்ணனின் வரைபடம்தான். ஜெர்மனியில் குழல் செய்கிற ஒருத்தன் அதைக் கையில் பச்சையே குத்திக்கொண்டான்.

கோளாறு அச்சில் வந்தது. சொந்த பிரஸ்ஸில் அடிக்க அவனுக்கு மனசு ஒப்பவில்லை. பெங்களூரில் ஒரு பெரிய டிஜிட்டல் பிரஸ்ஸில் அடித்து வாங்கினான். தங்கம் தங்கமாக இல்லை. மஞ்சளாக, செத்துப்போய்க் கிடந்தது. அசலில் இருந்ததோ லேசாகப் பொடி உதிர்ந்த மாதிரி மின்னுகிற தங்கம். நாலு இடத்தில் அடித்துப் பார்த்தும் அது வரவில்லை.

வேறு வழியில்லாமல் கீழே இறங்கிப் போய், "பொடி உதிர்ற மாதிரி தங்கம் எப்படிப்பா வரும்?" என்று கேட்டான். ஆவணி மாதம், சீசன் தலைக்கு மேல் இருந்த நேரம். நாரணாபுரத்திலிருந்து ஒரு கம்பெனியின் வேன் லேபிள் லோடுக்காக வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"தங்கப்பொடி தூவணும்லே. ஈர மசில தூவித் தொடைக்கணும். அதெல்லாம் லித்தோ காலத்து வேல" என்றார் அப்பா நிமிராமல். "ஏலே ஊர்க்காவலா, பளைய குடோன்ல பொடி டின்னு கெடக்கும், ஒண்ணு எடுத்து இவன்கிட்டக் குடு. போலே, வேன்காரன் கத்துறான்."

கிடங்கைப் பார்த்துக்கொள்கிற ஊர்க்காவலன் ஒரு டின்னைக் கொண்டுவந்து மாடியில் வைத்துவிட்டுப் போனான். ஈரம் படாமலிருக்க, ஏதோ ஒரு காலத்தில் யாரோ அதைக் காகிதம் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்தார்கள். முத்துக்கிருஷ்ணன் சணலை அறுத்தான். காகிதத்தை உரித்து மேஜையில் போட்டான். டின்னின் மூடியை நெம்பப் போனவன் நின்றான்.

கம்ப்யூட்டர் திரையில் லண்டன் பட்டை பெரிதாக நின்றது. அதற்குக் கீழே மேஜையில், அவன் பக்கம் தலைகீழாக, அந்தக் காகிதம் கிடந்தது. நீலம். பொடி உதிர்கிற தங்கம். மேல் விளிம்பில் பொடிப்பொடியாக ஒரு வரிசை. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

மெதுவாகக் காகிதத்தை நேராகத் திருப்பினான். 'கருட வாணம்' என்று தங்க எழுத்தில் இருந்தது. எழுத்துகளுக்கு மேலே, அவற்றை ஒட்டிக் குனிந்த தலையுடன் ஒரு கருடன் பறந்தது. அந்தக் கருடனை அவனுக்குத் தெரியும். ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டில் அவன் கையாலேயே கிழித்த கருடன். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை. சிவப்பு விலகியதில் கண் மட்டும் அலகைத் தாண்டி வெளியே வந்து, நீலத்தில் தனியாகக் கிடந்தது. அடியில் பொடி எழுத்தில் அளவுகோல் குறிகள்: பொன்னுத்தங்கம் லித்தோ ஒர்க்ஸ், சிவகாசி.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் லண்டனில் எந்தக் கடையிலோ ஒரு வாணப் பெட்டி இருந்திருக்கிறது. படத்துக்குச் சாமான் செய்கிறவன் அவசரத்தில் அதன் லேபிளில் கருடனை விட்டு எழுத்துப் பகுதியை மட்டும் வெட்டித் தலைகீழாகச் சுற்றி, பழசாகத் தெரியட்டும் என்று உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்திருக்கிறான். மனிதக் கை எழுதியிருக்க முடியாத வளைவுகள். வகுப்பே மறுபடி சிரிப்பது முத்துக்கிருஷ்ணனுக்குக் காதில் கேட்டது. காகிதத்தைச் சுருட்டி டின்னோடு சேர்த்து அலமாரிக்குள் பூட்டினான்.

நான்கு நாள் அந்த அலமாரியைத் திறக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தன் வரைபடத்தையே ஒட்டி அனுப்பியிருந்தால், இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. உலகம் ஏற்றுக்கொண்ட பட்டை அதுதான். ஆனால் கருவத்தையும் எரிச்சலையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அவனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. தப்பு என்று தெரிந்த ஒன்றைச் சரி என்று ஒட்ட அவனால் முடியாது. அரை நூலுக்காக லேத் பட்டறைக்கு அலைந்தவன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யோக்கியன்.

ஐந்தாம் நாள் லேபிளை வெட்டினான். பசை தடவி, தலைகீழாகச் சுற்றி, அசலில் தேய்ந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து உப்புத்தாள் போட்டான். பட்டை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. நகல் என்று சொல்லவே கூடாது. ஒரே கல்லில் அடித்த ஒரே காகிதம். பட்டனை அமுக்கினான், வெளிச்சம் வந்தது.

படங்களோடு லண்டன்காரருக்கு எல்லாவற்றையும் எழுதினான். என் வரைபடம் தவறு. அது வேற்றுலக எழுத்து இல்லை, தமிழ். வீட்டு நட்சத்திரம் ஒரு கருடனின் கண். நான் பெங்களூர்க்காரன் இல்லை, சிவகாசிக்காரன், லேபிள் அடித்தது என் பாட்டன் நடத்திய பிரஸ். கடைசி வரியை எழுத அவனுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது.

பதில் மரியாதையாக வந்தது. அந்த மரியாதையிலேயே சங்கதி இருந்தது. அசலோடு வைத்து ஒப்பிட்டேன், எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது, உங்கள் கண்டுபிடிப்புக்கு என் பாராட்டு என்று தொடங்கியிருந்தார். ஆனால் மக்கள் வருவது இன்னொரு உலகத்தின் எழுத்தைப் பார்க்க. அது ஏதோ ஒரு மலிவான இந்தியப் பட்டாசுக் காகிதம் என்று தெரிந்தால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? ஆகவே ஜெர்மன் நண்பரின் நகலைப் பக்கத்தில் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அதில் இருப்பது நீங்கள் வரைந்த அற்புதமான பட்டைதான் என்பதில் உங்களுக்கும் மகிழ்ச்சி இருக்கும். இந்த விஷயம் நமக்குள்ளேயே இருப்பது நல்லது.

'மலிவான' என்ற சொல்லை முத்துக்கிருஷ்ணன் திரும்பத் திரும்பப் படித்தான். அந்தத் தொனி அவனுக்கு அத்துப்படி. இத்தனை வருடம் அவனே எழுதிய தொனி. இப்போதுதான் முதல்முறையாக அது தன் பக்கம் திரும்பி வந்திருந்தது.

எரிச்சலில் எல்லாவற்றையும் குழுவில் போட்டான். லேபிளின் படத்தையும் போட்டான். பெங்களூர் நண்பர் திடீரென்று பட்டாசு வியாபாரி ஆகிவிட்டாரே என்று ஒருவன் கேட்டான். குடும்பத் தொழிலுக்கு நல்ல விளம்பரம் என்றான் இன்னொருவன். எப்போதோ அட்டையில் குழல் செய்து, இவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு காணாமல் போயிருந்த ஒரு பையன் மட்டும் திரும்பி வந்து ஒரே வரி எழுதினான்: 'இது பொம்மைக் கடைச் சரக்கு.' சாயங்காலத்துக்குள் பதிவை நீக்கிவிட்டார்கள். மறுநாள் முத்துக்கிருஷ்ணனையும் நீக்கினார்கள்.

கீர்த்திகாவுக்கு அன்றைக்குத்தான் சொன்னான். கேலி செய்யப் போகிறாள் என்று எதிர்பார்த்தான். அவள் குழலைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பி, அழிந்தது போக மிஞ்சியிருந்த பொடி எழுத்தை விரலால் தடவினாள்.

"மாமாட்டச் சொன்னீகளா?"

"எதுக்கு? பின்ன எதுக்குலேன்னு கேக்கவா?"

"கேட்டாக் கேட்டுட்டுப் போறாக" என்றாள் அவள். ஆனாலும் அவன் சொல்லவில்லை.

சீசன் முடிந்தது. காலண்டர் வேலையும் முடிந்து, தை பிறந்த பிறகு லண்டனிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கண்காட்சிப் புத்தகம். 'அன்புடன்' என்று லண்டன்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். கூரியர்காரன் கீழே ஆபீஸிலேயே கொடுத்துவிட்டதால், அப்பாவின் மேஜைக்கு எதிரில் நின்றபடி முத்துக்கிருஷ்ணன் உறையைக் கிழித்தான். கனமான ஆர்ட் பேப்பர், அட்டையில் அசல் குழல். புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தின் அடிவரியைப் பார்த்தான்.

எதற்காக முதலில் அடிவரிக்குப் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. கை தானாகப் போய்விட்டது. கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து கீர்த்திகா பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"எங்கன அடிச்சிருக்கான்?" என்றார் அப்பா.

"சீனாலப்பா."

"ம்" என்றார். "கொண்டா."

வாங்கி, அவரும் ஒருமுறை அடிவரியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, நடுப்பக்கத்தைத் திறந்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து அசல் குழலின் பட்டை மட்டும் பெரிதாக அச்சாகியிருந்தது. முத்துக்கிருஷ்ணன் மேஜையைச் சுற்றி அவர் பக்கம் வந்தான். சொல்லிவிடுவது என்று ஒரு நொடியில் முடிவு செய்தான். புத்தகத்தை அவர் கையிலேயே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான்.

"இப்பப் பாருங்கப்பா. இது நம்ம கருட வாணம். தாத்தா அடிச்ச லேபிள். லண்டன்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக. ஒலகமே வரிசைல நின்னு பாத்துட்டுப் போகுது."

தனுஷ்கோடி சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். பட்டையின் மேல் வைத்துக் குனிந்தார். வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று நகர்த்தினார். சிவப்புப் புள்ளியில் வந்து நின்றார். அங்கேயே நெடுநேரம் நின்றார். அப்பாவின் கண்ணில் தண்ணீர் வரப்போகிறது என்றே முத்துக்கிருஷ்ணன் நினைத்தான்.

நிமிர்ந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"செவப்பு வெலகியிருக்குலே."

"அதுதாம்ப்பா, அதத்தான் அவுக நட்சத்திரம்னு—"

"என்ன நட்சத்திரம்? கண்ணு வெளிய வந்து கெடக்கு. இது வேஸ்ட் ஷீட்டு. எங்கய்யா ஒதுக்கி வைக்கச் சொன்னத, சீசன் அவசரத்துல எந்தப் பயலோ லோடுல ஏத்தி விட்டுட்டான்." லென்ஸை மேஜையில் வைத்தார். "கீள நம்ம பேரு வேற இருக்கு. நம்ம பேரப் போட்டுக்கிட்டு இந்தக் கழிசலையா அம்புட்டுப் பேரும் பாத்துட்டுப் போறான்? என்ன நெனச்சிருப்பான் நம்மள?"

அவமானம் என்றால் எப்படி இருக்கும் என்று முத்துக்கிருஷ்ணனுக்குத் தெரியும். அப்பாவின் முகத்தில் அதை அவன் பார்த்ததில்லை. மதுரை ஓட்டலில் எல்லாரும் சிரித்தபோதுகூட அந்த முகத்தில் அது வரவில்லை.

அவர் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "ஒட்டுனவனும் ஒட்டத் தெரியாத பய. தலைகீளா ஒட்டிருக்கான். அதையும் ஒருத்தன் காசு குடுத்து வாங்கிருக்கான்." மூடி அவனிடம் நீட்டினார். "குடோன்ல நல்ல ஷீட்டு கெடக்கும். செவப்பு சரியா விழுந்ததாப் பாத்து ரெண்டு எடுத்து அனுப்பி வை. அதக் கிளிச்சுப் போட்டுட்டு இத மாத்தி ஒட்டிக்கிடச் சொல்லு. நேரா ஒட்டச் சொல்லு."

கீர்த்திகா இப்போது சிரிக்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

முத்துக்கிருஷ்ணன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். மேஜையிலிருந்த அப்பாவின் லென்ஸை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு ஊர்க்காவலனைக் கூப்பிட்டுக் கிடங்குச் சாவியைக் கேட்டான்.